யார் சொன்னால் இறங்கி வருவார்கள்

செப்டம்பர் 3, செவ்வாய்

அலுவலக டைரியில் 'தொட்டிமேடு சென்றேன், கர்ப்பிணிகள் நால்வரைப் பார்த்தேன், ஆலோசனை வழங்கினேன்' என்று மட்டும்தான் எழுத முடியும். மருந்துக் கம்பெனிக்காரர் டாக்டருக்குக் கொடுத்து, டாக்டர் என்னிடம் தள்ளிவிட்ட இந்த டைரி எட்டு மாதமாகச் சும்மா கிடந்தது. இன்று எடுத்துத் தூசி தட்டினேன்.

இன்று தொட்டிமேட்டிலிருந்து மூன்று பெண்கள் காத்திருப்பு அறைக்கு வந்து சேர்ந்தார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பின்னால் நாலு கட்டிலோடு இருக்கிறது அந்த அறை. மலை ஊர்ப் பெண்கள் வலி எடுக்கும் வரை வீட்டில் இருந்துவிட்டு, கடைசி நேரத்தில் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு ஓடி வராமல், பத்துப் பதினைந்து நாள் முன்பே வந்து தங்கிக்கொள்ளட்டும் என்று கட்டியது. கட்டி ஐந்து வருஷம் ஆகிறது. போர்வைகளைத் துவைக்க வேண்டிய தேவையே இதுவரை வந்ததில்லை.

மூன்று பேரும் பிள்ளைகள், பாத்திரங்கள், கூடையில் ஒரு கோழி சகிதம் வந்தார்கள். முன்னால் தீர்த்தம்மா.

தீர்த்தம்மா தொட்டிமேட்டுக்காரி. இருபத்தெட்டு வயது, ஒன்பதாம் வகுப்பு, இரண்டு பிள்ளைகள். புருஷன் கேரளாவில் மிளகு பறிக்கப் போயிருக்கிறான். மார்ச் மாதம் அவளை ஆஷாவாக எடுத்தார்கள். அந்தந்த ஊரிலேயே ஒரு பெண்ணைப் பிடித்து, கர்ப்பிணிகளைக் கவனித்து அழைத்து வரும் வேலையைக் கொடுப்பது. நான் இந்த மலைக்குக் கிராம சுகாதார செவிலியர். அவள் எனக்குக் கீழே.

டாக்டர் நிவேதன் வாசலுக்கே வந்து பார்த்தார். சின்ன வயசு, முகத்தில் எதையும் மறைக்கத் தெரியாது. "பதினேழு வருஷமா நடக்காதது ஆறு மாசத்துல நடந்துடுச்சு பாருங்க சிஸ்டர்" என்றார். என்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியும்.

பதினேழு வருஷம் என்பது நான் இங்கே வந்த வருஷக் கணக்கு.

செப்டம்பர் 4, புதன்

தடுப்பூசி நாள். சேங்கரட்டில் பதினொரு குழந்தைகள். தலைவலி.

செப்டம்பர் 10, செவ்வாய்

எப்படி அழைத்து வந்தாய் என்று தீர்த்தம்மாவிடம் எல்லோரும் கேட்கிறார்கள். அவளும் சலிக்காமல் சொல்கிறாள். நானும் ரிஜிஸ்டர் எழுதுவதுபோல் உட்கார்ந்து கேட்டேன்.

வீடு வீடாகப் போய், பதினைந்து நாள் நீ இல்லாவிட்டால் இந்த வீட்டில் எது எது நின்றுபோகும் என்று கேட்டாளாம். ஒருத்திக்கு ஆடு. ஒருத்திக்கு இரண்டு வயசுப் பிள்ளை. ஒருத்திக்கு இங்கே கொடுக்கும் வெள்ளைச் சோறு இறங்காது, சாமைச் சோறு வேண்டும். அடுத்த மாதம் வரப்போகிற மாதேவிக்கு ஜன்னலில் திரை இல்லை, ஆம்பளைங்க நடமாடுகிற இடத்தில் எப்படிப் படுப்பது என்பது. ஆட்டுக்கு அக்கம்பக்கத்தில் முறை போட்டாள். பிள்ளையைக் கூடவே கூட்டி வரச் சொன்னாள். பின்பக்க வராந்தாவில் அடுப்பு வைத்துக்கொள்ள டாக்டரிடம் கேட்டாள். தன் பழைய புடவையைக் கிழித்து ஜன்னலுக்குக் கட்டினாள். அவ்வளவுதான்.

அடுப்புக்கும் கூட ஒருவர் தங்குவதற்கும் ஏழு வருஷம் முன்பு, அந்த அறைக்குத் திட்டம் போட்டபோதே, நான் எழுதிக் கொடுத்தேன். நகல் என் பெட்டியில் இருக்கிறது. அப்போது இருந்த டாக்டர் பார்க்கலாம் என்றார். இப்போது இவள் வாயால் கேட்டாள், இவர் சரி என்றுவிட்டார். அதை யாரிடம் போய்ச் சொல்வது. சொன்னால் சின்னப் பெண்ணோடு போட்டி போடுகிறேன் என்பார்கள்.

செப்டம்பர் 19, வியாழன்

தீர்த்தம்மா எழுதிய பட்டியலில் நாலு பிழை. 'இரும்புச்சத்து' என்று எழுதத் தெரியவில்லை. எல்லோர் முன்னாலும் சிவப்பு மையால் திருத்திக் கொடுத்தேன். இப்படியே மேலே போனால் என்னைத்தானே கேட்பார்கள். அவள் தலையை ஆட்டி, அந்தச் சொல்லைத் தன் உள்ளங்கையில் பேனாவால் எழுதிப் பார்த்துக்கொண்டாள்.

பிறகு அறையில் அவளும் அந்தப் பெண்களும் சிரிக்கிற சத்தம் கேட்டது. என்னைப் பற்றியா என்று தெரியவில்லை. நான் உள்ளே போனதும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். நிறைமாத வயிற்றோடு ஒருத்தி கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

தீர்த்தம்மா போனால் எவளும் எழுந்து நிற்பதில்லை. நகர்ந்து இடம் கொடுக்கிறார்கள்.

செப்டம்பர் 27, வெள்ளி

முதல் பிரசவம் நல்லபடியாக முடிந்தது. பெண் குழந்தை, மூன்று கிலோ. தையல் இல்லை. நான்தான் கூட இருந்தேன், தொப்புள் கொடி வெட்டியதும் நான்தான். வெளியே வந்து சொன்னதும் அந்தப் பெண்ணின் அம்மா என்னைத் தாண்டிப் போய் தீர்த்தம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அக்டோபர் 2, புதன்

கிராம சபைக் கூட்டம். தலைவர் பேச்சில் தீர்த்தம்மா பெயர் மூன்று முறை வந்தது. என் பெயர் 'மற்றும் சுகாதாரப் பணியாளர்கள்' என்பதற்குள் இருந்தது.

அக்டோபர் 9, புதன்

தொட்டிமேட்டில் தடுப்பூசி. சேங்கரட்டில் தார் ரோடு முடிந்துவிடும், அங்கிருந்து ஆறு கிலோமீட்டர் நடை. தோளில் ஐஸ் பெட்டி. நாற்பத்தொன்பது வயதில் முழங்கால் சத்தம் போடுகிறது. தீர்த்தம்மா ஊரில் இல்லை, இன்னொருத்திக்கு வலி கண்டதால் கீழே ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஊசி முடிந்ததும் அப்படியே கர்ப்பிணிகளைப் பார்த்துவிட்டு வந்தேன்.

சாமந்தி, இருபத்தொரு வயது, தலைப்பிள்ளை, எட்டரை மாதம். பிரஷர் 144/92. கொஞ்ச நேரம் உட்கார வைத்து மறுபடி பார்த்தேன், அதேதான். கால் வீக்கம். சிறுநீரில் புரதம் ஒரு பிளஸ். தலைவலி உண்டா என்றேன், இல்லை என்றாள்.

இன்றே கீழே அழைத்துப் போயிருக்கலாம். மாமியார், கொல்லையில் சாமை அறுப்பு நடக்கிறது, இரண்டு நாள் பொறுங்கள் என்றாள். நானும் சரி என்றேன். வெள்ளிக்கிழமை காலையில் நானே வருகிறேன், சேங்கரட்டில் ஜீப் நிறுத்தி வைக்கிறேன், நானே அழைத்துக்கொண்டு போய்க் காத்திருப்பு அறையில் விடுகிறேன் என்றேன். தீர்த்தம்மாவிடம் சொல்லவா என்று மாமியார் கேட்டாள். நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

தொட்டிமேட்டிலிருந்து என் பேச்சுக்கு ஒருத்தி இறங்கி வந்தால் டாக்டரும் பார்ப்பார். அதில் தப்பு ஒன்றும் இல்லை.

தாய் சேய் அட்டைகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்காக தீர்த்தம்மா வாங்கி வைத்திருக்கிறாள். அதனால் பிரஷரை என் நோட்டில் மட்டும் குறித்துக்கொண்டேன்.

சாயங்காலம் அவளே போன் செய்தாள். சத்து மாத்திரை தீர்ந்துவிட்டது, எப்போது வரும் என்று. அப்புறம் இன்றைக்குப் பிறந்த பையனைப் பற்றி. எப்படி அழுதான், என்ன எடை, அவன் அப்பன் எப்படி முழித்தான். பதினோரு நிமிஷம் அவள் சந்தோஷத்தைக் கேட்க வேண்டியிருந்தது. சாமந்தி பற்றிச் சொல்ல இடமே கிடைக்கவில்லை.

அக்டோபர் 10, வியாழன்

மாவட்டத்திலிருந்து பெரிய அதிகாரி காத்திருப்பு அறையைப் பார்க்க வந்தார். நல்ல மாதிரியான அம்மா, கட்டிலில் உட்கார்ந்து பெண்களோடு பேசினார். சாமைச் சோறு ஒரு வாய் வாங்கிச் சாப்பிட்டார். இதெல்லாம் யாருடைய யோசனை என்று கேட்டார். டாக்டர் தீர்த்தம்மாவை முன்னால் தள்ளினார்.

அவள் ஒரு கணம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "சிஸ்டர்தான் மேடம் எனக்குச் சொல்லிக் குடுக்கறது" என்றாள். அதிகாரி என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பிறகு அவளிடமே பேசினார். சால்வை போர்த்தினார்கள். போட்டோ எடுக்க ஆள் இல்லாமல் டிரைவர் போனை என் கையில் கொடுத்தார். எடுத்தேன். இரண்டு தடவை எடுத்தேன், முதலில் எடுத்தது ஆடிவிட்டது.

அவள் தயவில் எனக்கு ஒரு பங்கு கிடைக்க வேண்டுமா?

நாளை ஆயுத பூஜை. சாயங்கால பஸ்ஸில் கீழே வீட்டுக்குப் போகிறேன். தொட்டிமேடு போவதாக இருந்தது. லீவு நாளில் ஜீப்பும் கிடைக்காது. திங்கட்கிழமை போய்க்கொள்ளலாம். ஒரு பிளஸ்தான்.

அக்டோபர் 12, சனி

வீடு முழுக்கக் கழுவினேன். ஏன் இப்படி முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாய் என்றார் வீட்டுக்காரர். மலையில் குளிர், சளி பிடித்திருக்கிறது என்றேன்.

மத்தியானம் போனைக் கையில் எடுத்தேன். தீர்த்தம்மாவுக்கு ஒரு வார்த்தை சொன்னால் இன்றைக்கே சாமந்தியை இறக்கிக்கொண்டு வந்துவிடுவாள். மழையாக இருந்தாலும் வருவாள். அப்புறம் அதுவும் அவள் பெயரில்தான் சேரும்.

திங்கட்கிழமை.

அக்டோபர் 14, திங்கள்

காலை பஸ். மலைப்பாதையில் சிக்னல் இருக்காது. எங்கள் ஆஸ்பத்திரி இருக்கிற ஆலங்குட்டையில் இறங்கியபோது மணி ஒன்பதே முக்கால், போனில் தீர்த்தம்மாவிடமிருந்து ஆறு தவறிய அழைப்புகள். பஸ் ஸ்டாப்பிலிருந்தே தெரிந்தது. ஆஸ்பத்திரி வாசலில் 108 வண்டி, மூங்கில் கம்பு, சேறு அப்பிய போர்வை, தொட்டிமேட்டு ஆட்கள் எட்டுப் பேர்.

சாமந்திக்கு விடிந்ததும் தலைவலி, கண் மங்கல். ஏழு மணிக்கு முதல் வலிப்பு. தீர்த்தம்மா ஆட்களைக் கூட்டித் தூளி கட்டி, அந்த வழுக்குப் பாதையில் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் சேங்கரட்டுக்கு இறக்கியிருக்கிறாள். வண்டியில் இரண்டாவது வலிப்பு. நாக்கைக் கடித்துக்கொள்ளாமல் ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறாள். அவள் கை முழுக்க எச்சிலும் ரத்தமும்.

வலிப்பு நிற்க மெக்னீசியம் ஊசி போட வேண்டும். டாக்டர் மருந்தை எடுத்தார், இடுப்பில் இரண்டு பக்கமும் நான்தான் போட்டேன். டியூப் போட்டது, பிரஷர் பார்த்தது எல்லாம் சரியாகச் செய்தேன். 180/120. உடனே மாவட்ட ஆஸ்பத்திரிக்கு ஏற்றினோம். தீர்த்தம்மா கூடவே ஏறிக்கொண்டாள்.

வண்டி போன பிறகு டாக்டர் கேட்டார்: "இந்தப் பொண்ணுக்கு பிரஷர் இருக்கறது நமக்கு முன்னாடியே தெரியுமா சிஸ்டர்?"

நோட்டில் இருக்கிறது சார், புதன்கிழமை பார்த்தேன் என்றேன்.

அப்புறம் ஏன் கீழே வரவில்லை என்றார். தீர்த்தம்மாவிடம் சொல்லியிருந்தேன் சார் என்றேன்.

அது என் வாயிலிருந்து அவ்வளவு சுலபமாக வந்தது.

அக்டோபர் 15, செவ்வாய்

ஆபரேஷன். ஆண் குழந்தை, ஒரு கிலோ அறுநூறு, கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. சாமந்திக்குக் கண் தெரியவில்லையாம். சில பேருக்கு இப்படி ஆகும், சில நாளில் திரும்பிவிடும் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள்.

இன்று கிளினிக்கில் முப்பத்திரண்டு பேர். எல்லோருக்கும் இரண்டு முறை பிரஷர் பார்த்தேன்.

அக்டோபர் 17, வியாழன்

விசாரணை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. டாக்டர், நான், தீர்த்தம்மா. மூன்று நாற்காலி.

சிஸ்டர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை என்றாள் அவள். சாமந்தியின் மாமியார் சொல்லித்தான், சிஸ்டர் புதன்கிழமை வந்து பிரஷர் பார்த்ததே தெரியும் என்றாள். குரலை உயர்த்தவில்லை. என்னைப் பார்க்காமல் டாக்டரையே பார்த்துப் பேசினாள்.

டாக்டர் என்னிடம் திரும்பினார். நான் போனை எடுத்துக் காட்டினேன். புதன்கிழமை, மாலை 5.52, தீர்த்தம்மா, பதினோரு நிமிஷம்.

"பதினோரு நிமிஷம் பேசியிருக்கோம் சார். அதுல சொன்னேன். பையன் பொறந்த சந்தோஷத்துல அவ காதுல விழல போல" என்றேன்.

தீர்த்தம்மா அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு நெற்றியைச் சுருக்கி, எதையோ நினைவுபடுத்திப் பார்க்கிற மாதிரி இருந்தாள்.

அறிக்கையில் 'ஆஷா பணியாளருக்குத் தொலைபேசியில் தகவல் தெரிவிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அக்டோபர் 18, வெள்ளி

மறு உத்தரவு வரும்வரை தீர்த்தம்மா வேலைக்கு வர வேண்டியதில்லை. சாமந்திக்குக் கண் தெரிய ஆரம்பித்துவிட்டது. நல்ல செய்தி. முதலில் இதைத்தான் எழுதியிருக்க வேண்டும்.

அக்டோபர் 19, சனி

காத்திருப்பு அறையில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி மாதேவி, மூன்றாவது பிள்ளைக்கு. நான் ரவுண்டு போனபோது இரண்டு கட்டிலும் காலி. பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அறையைப் பெருக்கிவிட்டு நடந்தே போயிருக்கிறார்கள். ஜன்னலில் கட்டியிருந்த புடவையையும் அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அக்டோபர் 23, புதன்

தொட்டிமேடு. ஒன்பது வீடு ஏறி இறங்கினேன். யாரும் கோபமாகப் பேசவில்லை. பாய் போட்டார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். தீர்த்தம்மா கேட்ட மாதிரியே நானும் கேட்டுப் பார்த்தேன். நீ வந்து தங்கினால் வீட்டில் எது நின்றுபோகும் என்று. ஒன்றும் நின்றுபோகாதுங்க சிஸ்டர் என்றாள் மாதேவி. அப்புறம் வா என்றேன். பாக்கலாங்க என்றாள்.

எல்லா வீட்டிலும் கடைசியில் ஒரே கேள்வி. தீர்த்தம்மா எப்ப மறுபடி வேலைக்கு வருவா?

மேலிடத்து உத்தரவு, எனக்குத் தெரியாது என்றேன். இறங்கும்போது மழை. இங்கே இப்போது என்னை விட்டால் ஆள் இல்லை. இதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தேன். இருந்தும் அந்த ஒன்பது வீட்டிலும் அவள்தான் இருந்தாள்.

அக்டோபர் 30, புதன்

நாளை தீபாவளி. ஊருக்குப் போகவில்லை. அவரிடம் வேலை இருக்கிறது என்றேன். நாலு கட்டிலுக்கும் போர்வை மாற்றினேன். யாரும் வரவில்லை.

நவம்பர் 2, சனி

மாதேவிக்கு வீட்டிலேயே பிரசவமாகிவிட்டது. காலை பத்து மணிக்கு. குழந்தைக்கு ஒன்றுமில்லை. நஞ்சுக்கொடி விழ நேரமாகி ரத்தம் போயிருக்கிறது. வேலையில் இல்லாத தீர்த்தம்மாதான் வயிற்றை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, 108-ஐக் கூப்பிட்டு, தூளி கட்டச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். அவள் மட்டும் சேங்கரட்டோடு நின்றுவிட்டாள், கீழே வரவில்லை.

மாவட்ட ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன், அங்கே இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டாள். கண் திறந்ததும் பக்கத்தில் நான்தான் இருந்தேன். யாரையோ தேடுகிற மாதிரி எனக்குப் பின்னால் பார்த்தாள்.

காத்திருப்பு அறையில் படுத்திருந்தவள். அடுத்த கதவு பிரசவ அறை. என்னால் நடந்து திரும்பிப் போனவள்.

நவம்பர் 4, திங்கள்

நான் தீர்த்தம்மாவிடம் சொல்லவில்லை. புதன்கிழமையும் சொல்லவில்லை, வியாழக்கிழமை அவள் என் எதிரிலேயே நின்றபோதும் சொல்லவில்லை, சனிக்கிழமை போனைக் கையில் வைத்துக்கொண்டும் சொல்லவில்லை. இடம் கிடைக்கவில்லை என்று இதே டைரியில் எழுதியிருக்கிறேன். இடம் இருந்தது. சொல்லக் கூடாது என்றுதான் சொல்லவில்லை.

மேலே இருக்கிற பக்கங்களை எல்லாம் படித்துப் பார்த்தேன். கிழித்துவிடலாம் என்று தோன்றியது. கிழிக்கவில்லை.

நவம்பர் 5, செவ்வாய்

கிளினிக் முடிந்து எல்லோரும் போன பிறகு டாக்டர் அறைக்குப் போனேன். நின்றுகொண்டே சொன்னேன்.

அவர் முதலில் புரியாமல் பார்த்தார். "அந்தப் பதினோரு நிமிஷம்?"

"மாத்திரை பத்திப் பேசினோம் சார். அப்புறம் அவ அந்தப் பையனைப் பத்திப் பேசினா. நான் கேட்டுக்கிட்டு இருந்தேன்."

ஏன் என்று கேட்டார். இதற்கு என்ன பதில் சொல்வது என்று காலையிலிருந்து யோசித்து வைத்திருந்தேன், எல்லாம் மறந்துபோயிற்று. "அவ கூப்பிட்டா வர்றாங்க சார்" என்றேன்.

அவர் மேஜை டிராயரைத் திறந்தார். என்னை அம்மா ஸ்தானத்தில் வைத்திருந்ததாக ஏதாவது சொல்வாரோ என்று பயந்தேன். சொல்லவில்லை. ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளி, இப்போது சொன்னதை அப்படியே எழுதிக் கொடுங்கள் என்றார். எழுதினேன். பேனாவை மூடியபோது, மாதேவிக்கு நாளைக்கு ரத்தம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள் சிஸ்டர் என்றார். வழக்கமான குரலில்தான் சொன்னார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

நவம்பர் 7, வியாழன்

தொட்டிமேடு. ஐஸ் பெட்டி இல்லாமல், வேலை இல்லாமல், முதல் முறையாக.

தீர்த்தம்மா வீட்டு முன்னால் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நிறுத்தவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை. டாக்டரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன், எழுதியும் கொடுத்துவிட்டேன், உன்னைத் திரும்பக் கூப்பிடுவார்கள் என்றேன். தெரியும், டாக்டர் போன் செய்தார் என்றாள். முறம் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது.

நான் மன்னிப்புக் கேட்டேன். எந்த வார்த்தையில் கேட்டேன் என்று இப்போது நினைவில்லை.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்கு நீங்க போனைக் காட்டினீங்க இல்ல சிஸ்டர். பதினோரு நிமிஷம்னு. வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் தூங்கல. ஒருவேளை நீங்க சொல்லி நான்தான் மறந்துட்டேனோன்னு. பையன் பொறந்த குஷியில சாமந்தியை விட்டுட்டேனோன்னு. என் பிள்ளைங்க தலையில அடிச்சு சத்தியம் பண்ணிக்கூடப் பார்த்தேன், அப்பவும் எனக்கே என் மேல நம்பிக்கை வரல."

பிறகு மெதுவாகச் சொன்னாள். "வேலையை எடுத்தது கூடப் போகட்டும். அந்த ரெண்டு நாளை நான் மறக்க மாட்டேன்."

மறக்க வேண்டாம் என்றேன். அவள் முறத்தை எடுத்துக்கொண்டாள். நான் இறங்கி வந்தேன்.

நவம்பர் 13, புதன்

தீர்த்தம்மா வேலைக்குத் திரும்பினாள். எனக்கு மெமோ. ஜனவரியில் மாற்றல், எங்கே என்று இன்னும் சொல்லவில்லை. அதுவரை வேலை பார்க்க வேண்டும்.

இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பட்டியல் எழுதினோம். 'இரும்புச்சத்து' என்று சரியாக எழுதியிருந்தாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள், கேட்காததற்கு ஒன்றும் சொல்லவில்லை.

நவம்பர் 19, செவ்வாய்

காத்திருப்பு அறைக்குத் தொட்டிமேட்டிலிருந்து இரண்டு பேர், சேங்கரட்டிலிருந்து ஒருத்தி. பிள்ளைகள் வராந்தாவில் ஓடுகிறார்கள். ஜன்னலுக்கு டாக்டர் புதுத் திரை வாங்கி மாட்டியிருக்கிறார்.

ஒருத்தி என்னிடம் வந்து வயிறு இறுக்கிப் பிடிக்கிறது, பாருங்கள் என்றாள். பார்த்தேன், பொய்வலி. பரவாயில்லை என்றேன். அவள் நேராக தீர்த்தம்மாவிடம் போய், பரவாயில்லையா என்று கேட்டாள்.

இத்தனைக்கும் பிறகும் எரிந்தது. எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 27, புதன்

தொட்டிமேட்டில் தடுப்பூசி. சாமந்தி குழந்தையோடு வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. தீர்த்தம்மா முன்னால் நடந்தாள், நான் பின்னால்.

சாமந்தி குழந்தையை முதலில் தீர்த்தம்மாவிடம் நீட்டினாள். அவள் அதன் உள்ளங்காலை முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தாள், எடை பார்க்க. தொங்கு தராசின் துணியில் வைத்தேன். முள் ஆடி நின்றது. இரண்டு கிலோ நானூறு. சாமந்திக்குப் பிரஷர் 116/76. இரண்டையும் தீர்த்தம்மாவிடம் சொன்னேன், அவள் அட்டையில் எழுதினாள். பிறகு அவள் அடுத்த வீட்டில் ஆளைக் கூப்பிடப் போனாள்.

மாமியார் தண்ணீர் கொண்டு வந்து வைத்துவிட்டு, பேசாமல் உள்ளே போய்விட்டாள். அவர்களுக்கு எல்லாம் தெரியும். நான் ஊசியை எடுத்து வைத்துக்கொண்டு சாமந்தியின் முகத்தைப் பார்க்காமல் இருந்தேன்.

அவள்தான் பேசினாள். குற்றம் சொல்லும் குரல் இல்லை, நடந்ததைச் சொல்கிற குரல்.

"வெள்ளிக்கிழமை வர்றேன்னு சொன்னீங்க சிஸ்டர். அத்தை சாமை அறுக்கப் போவணும்னுச்சு, நான் வரல, சிஸ்டர் வருவாங்கன்னேன். விடியறதுக்குள்ள குளிச்சுட்டேன். புடவை, பாத்திரம் எல்லாம் பையில கட்டி வெச்சேன். மேட்டுல போய் உக்காந்து ரோட்டுப் பக்கமே பார்த்துக்கிட்டு இருந்தேன். உச்சி வெயில் வரைக்கும் உக்காந்திருந்தேன்."

குழந்தைக்குத் தொடையில் ஊசி போட்டேன். அழுதது. அவள் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

இந்த ஊரில் என் பேச்சுக்கு யாரும் வர மாட்டார்கள் என்று எத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன். ஒருத்தி வந்திருப்பாள். எனக்காக மட்டும், பையைக் கட்டிக்கொண்டு, விடியற்காலையிலிருந்து.

தீர்த்தம்மா அடுத்த வீட்டு வாசலிலிருந்து கூப்பிட்டாள். போனேன். இன்று மொத்தம் ஏழு குழந்தைகள்.